பெரியப்பாவின் இசைத்தட்டுப் பெட்டி

கொல்லிமலைக்கு வந்திருக்கிறீர்களா? காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் மலையின் மேல் வந்து சேரலாம். அங்கே மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் பலா மரமும் சூழ்ந்த ஊர்களுள் ஒன்று வாழவந்தி நாடு. நான் பிறந்து வளர்ந்த இடம் அதுதான். விடுமுறை நாட்களில் இன்றும் அங்கேதான் இருப்பேன்.

சென்ற ஆடி மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் பழைய திரைப்பட இசைத்தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பதினொன்றாம் வகுப்பு மாணவன் வந்து உட்கார்ந்தான். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், எல்லாப் பாட்டும் செல்போனிலேயே கிடைக்குதே. இந்தத் தட்டுகளை ஏன் சார் தேடித் தேடிச் சேர்க்கிறீங்க?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. உடனே விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த விடையில் கொஞ்சம் பௌதிகம் இருக்கிறது, கொஞ்சம் வேதியியல் இருக்கிறது, நான் செய்த ஒரு பெரும் பிழையும் இருக்கிறது. அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மலையில் ஒலித்த மைக் செட்

என் பெரியப்பா மைக் செட் வைத்திருந்தவர். சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் அவருடைய குழாய் ஒலிபெருக்கிதான் கட்டப்படும். உயரமான சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் குழாயைக் கட்டுவார். மின்சாரம் எட்டாத ஊர்களில் கார் பாட்டரியை வைத்து ஒலிபெருக்குவார். இசைத்தட்டுகள் ஒரு மரப்பெட்டியில் தலைச்சுமையாகப் போகும். சேலத்துக் கடைவீதிக்குப் போய்ப் புதிய தட்டுகள் வாங்கி வருவார். சேலம் அன்று சினிமா ஊர். டி. ஆர். சுந்தரம் 1930களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது அங்கேதான்.

பெட்டியில் பாட்டு மட்டும் இருக்கவில்லை. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'திருவிளையாடல்' (1965) போன்ற படங்களின் வசனத் தட்டுகளும் இருந்தன. படம் பார்க்க மலையிறங்க முடியாதவர்கள் கூட அந்த வசனங்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒலிநாடாக்கள் பெருகிய பிறகு மைக் செட்டுக்காரர்கள் தட்டுகளைக் கைவிட்டார்கள். 1990களில் நம் நாட்டில் இசைத்தட்டு உற்பத்தியே நின்றுபோயிற்று. பெரியப்பாவின் பெட்டியும் பரண் ஏறியது.

கோட்டில் எழுதிய அலை

கொல்லிப்பாவை என்ற பெயரைத் தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சங்கப் பாடல்கள் அதைப் பற்றிப் பேசுகின்றன. உயிரற்ற அந்தப் பாவை சிரிக்கும் என்பது எங்கள் மலைக் கதை. உயிரற்ற பொருள் மனிதக் குரலில் பேசும் என்பதை 1877-ஆம் ஆண்டில் தாமஸ் ஆல்வா எடிசன் மெய்ப்பித்துக் காட்டினார். அவர் உருளையில் ஒலியைப் பதித்தார். தட்டையான வட்டத் தட்டில் பதிக்கும் முறையை 1887-இல் எமில் பெர்லினர் கண்டார். அதன் வழி வந்ததுதான் கிராமபோன் இசைத்தட்டு.

தட்டில் பல வட்டக் கோடுகள் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு கோடுதான். ஓரத்தில் தொடங்கிச் சுருள் சுருளாக நடுவை நோக்கிப் போகும் மெல்லிய பள்ளம் அது. அந்தப் பள்ளம் நேராக ஓடாது. பாம்பு போல் இடமும் வலமும் நெளிந்து நெளிந்து போகும். அந்த நெளிவுதான் பாட்டு.

பாடகர் பாடும்போது காற்று அதிர்கிறது. அந்த அதிர்வை மைக்ரோபோன் மின்னலையாக மாற்றுகிறது. மின்னலை வெட்டும் ஊசியை அசைக்கிறது. ஊசி, சுழலும் தட்டில் அதே அலையைப் பள்ளமாக எழுதிவிடுகிறது. நாம் தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைக்கும்போது எல்லாம் தலைகீழாக நடக்கிறது. நெளிவு ஊசியை அசைக்கிறது, அசைவு மின்னலையாகிறது, மின்னலை ஒலிபெருக்கியில் மீண்டும் காற்றதிர்வாகிறது. 1925-க்கு முன் இசைத்தட்டுப் பதிவில் பொதுவாக மைக்ரோபோன் பயன்படவில்லை. பாடுபவர் ஒரு பெரிய கூம்புக்குள் உரக்கப் பாடுவார். அந்தக் காற்றதிர்வின் வலிமையே வெட்டும் ஊசியை அசைக்கும். அதனால்தான் அக்காலத் தட்டுகளில் பலருடைய குரல் கத்துவது போலக் கேட்கிறது.

ஒரு சிறு கணக்கு

பழைய தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்றேகால் நிமிடம் பாடும். அப்படியானால் மொத்தச் சுற்றுகள் 78 × 3.25, அதாவது சுமார் 253. பாட்டுப் பகுதியின் அகலம் ஏறக்குறைய 7 செ.மீ. ஆகவே ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 0.28 மி.மீ. மட்டுமே.

1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நெடுநேரத் தட்டை வெளியிட்டது. இதைத்தான் 'எல்.பி.' என்கிறோம். 12 அங்குல அகலம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு பக்கம் 20 நிமிடம் ஓடினால் 667 சுற்றுகள். பாட்டுப் பகுதி 8.6 செ.மீ. என்றால் இடைவெளி 0.13 மி.மீ. சராசரி ஆரம் 10.3 செ.மீ. என்று கொண்டால் ஒரு சுற்றின் நீளம் 65 செ.மீ. 667 சுற்றுகளையும் பிரித்து நீட்டினால் கோட்டின் நீளம் சுமார் 430 மீட்டர்! உங்கள் பள்ளி மைதானத்தை ஒருமுறை சுற்றி வரும் தூரம் ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் சுருண்டு கிடக்கிறது.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். தட்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், ஊசியின் கீழே கோடு ஓடும் வேகம் ஒன்றாக இருப்பதில்லை. எல்.பி. தட்டின் ஓரத்தில் (ஆரம் 14.6 செ.மீ.) அது வினாடிக்கு 51 செ.மீ. நடுவுக்கு அருகில் (ஆரம் 6 செ.மீ.) வினாடிக்கு 21 செ.மீ.தான். 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை ஓரத்தில் அரை மி.மீ. நீளத்தில் தாராளமாக எழுதப்படுகிறது. நடுவிலோ 0.2 மி.மீ.க்குள் நெருக்கி எழுதப்படுகிறது. பக்கத்தின் கடைசிப் பாட்டு சற்று மங்கலாகவும் கரகரப்பாகவும் கேட்பதற்கு இதுவே காரணம்.

நான்கு பாட்டுகள் கொண்ட 7 அங்குலத் தட்டுகள் 45 சுற்றில் சுழல்பவை. 33⅓ சுற்றுத் தட்டைத் தவறுதலாக 45-இல் போட்டால் என்ன ஆகும்? எல்லா அதிர்வெண்களும் 45 ÷ 33⅓, அதாவது 1.35 மடங்காகும். இசை படிப்பவர்களுக்கு ஒன்று தெரியும். ஸட்ஜமத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் உள்ள விகிதம் 4/3, அதாவது 1.33. எனவே பாடகர் 'ச' பாடினால் நமக்கு ஏறக்குறைய 'ம' கேட்கும். தாளமும் ஓட்டம் பிடிக்கும். திருவிழாவில் பெரியப்பா அசந்து தூங்கும்போது நாங்கள் இந்தச் சோதனையைச் செய்து திட்டு வாங்கியிருக்கிறோம்.

அரக்குத் தட்டும் வினைல் தட்டும்

78 சுற்றுத் தட்டு எதனால் ஆனது தெரியுமா? பூச்சி தந்த பொருளால் ஆனது! புரசு, இலந்தை போன்ற மரங்களில் அரக்குப் பூச்சிகள் கூட்டமாக வாழ்கின்றன. அவை சுரக்கும் பிசினே அரக்கு. பாரதக் கதையில் பாண்டவர்களை எரிக்கக் கட்டிய மாளிகையும் இந்த அரக்கால் ஆனதுதான். உலகத்துக்கு அரக்கை மிகுதியாக அனுப்பிய நாடு இந்தியா. அரக்குடன் கல் தூளும் பஞ்சு இழையும் கரியும் கலந்து, சூடாக்கி, அச்சில் வைத்து அழுத்தினால் இசைத்தட்டு தயார். 1908-இல் கல்கத்தாவின் சியால்டாவில் கிராமபோன் கம்பெனி தட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. பிறகு அது டம்டம்முக்கு மாறியது. சென்னையில் ஏ. வி. மெய்யப்பன் சினிமா எடுக்கப் புகும் முன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக ஓடியன் தட்டுகளை விற்றவர்.

அரக்குத் தட்டு கண்ணாடி போன்றது. கீழே விழுந்தால் உடைந்துவிடும். எல்.பி., 45 சுற்றுத் தட்டுகள் வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. வினைல் குளோரைடும் வினைல் அசிடேட்டும் சேர்ந்த பல்லுறுப்பி அது. எளிதில் உடையாது. கல் தூள் கலக்காததால் இரைச்சலும் குறைவு. ஆனால் வெயில் பட்டால் வளைந்துபோகும். பஸ்ஸின் கூரையில் ஏற்றிய தட்டுகள் மலை ஏறுவதற்குள் அப்பளம் போல் நெளிந்த கதை எங்கள் ஊரில் உண்டு.

1958 முதல் ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்தன. பள்ளத்தின் இரு சுவர்களும் 45 பாகைச் சரிவில் இருக்கும். இடப்பக்க ஒலியை ஒரு சுவரிலும் வலப்பக்க ஒலியை மறு சுவரிலும் எழுதிவிடுகிறார்கள். ஒரே ஊசி இரண்டையும் படித்துவிடுகிறது.

நான் செய்த பிழை

இனி என் கதைக்கு வருகிறேன். 1998-இல் நான் கல்லூரியில் பௌதிகம் படிக்கச் சேர்ந்தேன். முதல் விடுமுறையில் பெரியப்பாவின் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். எங்கள் மலையின் ஈரக் காற்றில் தட்டுகள் மேல் வெண்ணிறப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. 78 சுற்றுத் தட்டு ஒன்றில் நடுச்சீட்டைப் பூச்சி முழுவதும் அரித்துவிட்டிருந்தது. என்ன படம், யார் பாடியது, எதுவும் தெரியவில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் லென்சுகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பதைப் பார்த்திருந்தேன். அதே முறையை இங்கும் கையாண்டேன். மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கிப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தேன். பஞ்சு கறுப்பாயிற்று. அழுக்கு வருகிறது என்று மகிழ்ந்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். கறுப்பு வந்துகொண்டே இருந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் தட்டின் பளபளப்பைக் காணோம். ஊசியை வைத்தேன். 'ஸ்...' என்ற இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

அரக்கு ஆல்கஹாலில் கரையும். மர நாற்காலிக்கு மெருகு பூசும் தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் பூசுகிறார்கள். பஞ்சில் வந்த கறுப்பு அழுக்கல்ல. அது தட்டின் உடல். பாட்டைத்தான் நான் துடைத்து எடுத்திருக்கிறேன்.

பெரியப்பா கோபிக்கவில்லை. தட்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போனாப் போவுது கண்ணு. அந்தப் பாட்டு படத்துல இருந்த மாதிரி இருக்காது. தட்டுக்குன்னு தனியாப் பாடினது" என்றார். பிறகு மெதுவாக முணுமுணுத்தார். இரண்டு அடிகள் வரை வந்தது. மூன்றாவது அடி அவருக்கு நினைவுக்கு வரவில்லை. இன்று அவரும் இல்லை.

படம் மறைந்தாலும் பாட்டு இருக்கும்

பெரியப்பா சொன்னது சரியான செய்தி என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பேசும் படங்களின் தொடக்க ஆண்டுகளில் நடிகர்கள் படப்பிடிப்பின்போதே பாடினார்கள். இசைத்தட்டுக்காக அதே பாடலைத் தனியே மறுபடியும் பாடிப் பதிவு செய்வார்கள். ஒரு பக்கத்தில் மூன்றேகால் நிமிடம்தான் இடம் என்பதால் பாட்டைச் சுருக்குவார்கள், அல்லது இரு பக்கமாகப் பிரிப்பார்கள். எனவே படத்தில் உள்ள பாட்டும் தட்டில் உள்ள பாட்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-இல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியாயிற்று. அதன் பிரதி இன்று கிடைப்பதில்லை. அக்காலத்துப் படச்சுருள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும், தானாகவே சிதைந்தும் போகும். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல்தான் தொடங்கப்பட்டது. அதற்குள் எத்தனையோ படங்கள் அழிந்துவிட்டன. அப்படிப்பட்ட சில படங்களின் பாடல்கள் மட்டும் இசைத்தட்டில் பிழைத்திருக்கின்றன.

தட்டுகளும் அழிவுக்குத் தப்பவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரக்குப் பஞ்சம் வந்தது. மேலை நாடுகளில் பழைய தட்டைக் கொடுத்தால்தான் புதிய தட்டு என்ற நிலைகூட ஏற்பட்டது. பழையவற்றை நொறுக்கி உருக்கிப் புதியவை செய்தார்கள். இத்தனைக்கும் தப்பிய தட்டுகளைக் காத்தவர்கள் தனிப்பட்ட சேகரிப்பாளர்களே. பல்லாயிரக்கணக்கான 78 சுற்றுத் தட்டுகளைச் சேர்த்த சென்னை வி. ஏ. கே. ரங்கா ராவ் அவர்களுள் புகழ் பெற்றவர். சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய நூல்களுடன் இசைத்தட்டுகள் காக்கப்படுகின்றன.

தட்டைக் காப்பது எப்படி?

உங்கள் வீட்டுப் பரணிலோ ஊர் மைக் செட்டுக்காரரிடமோ தட்டு இருந்தால் இவற்றை நினைவில் வையுங்கள்.

முதலில் அது அரக்கா வினைலா என்று பாருங்கள். சீட்டில் 78 என்று இருந்தால், தட்டு கனமாகவும் விறைப்பாகவும் இருந்தால், அநேகமாக அரக்கு. அதன் அருகே ஸ்பிரிட்டைக் கொண்டுபோகவே கூடாது. காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி மென்சோப்புக் கரைசல் சேர்த்து, மெத்தென்ற துணியால் கோட்டின் போக்கிலேயே துடைத்தால் போதும். நடுச்சீட்டு நனையக்கூடாது. துடைத்தபின் நிழலில் உலர்த்துங்கள்.

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் போல் நிமிர்த்தி வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் எளிதில் வளரும். ஆகவே மழைக்காலத்தில் காற்றோட்டம் தேவை.

ஊசியிலும் கவனம் வேண்டும். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது. எல்.பி. ஊசியின் நுனியோ மிகவும் கூரியது. அதை 78-இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் தரும். 78-க்கான இரும்பு ஊசியை எல்.பி.யில் வைத்தால் தட்டே பாழாகிவிடும். எல்.பி. ஊசி தட்டை அழுத்தும் எடை 2 கிராம்தான். ஆனால் அது தொடும் பரப்பு மிகமிகச் சிறியது. விசையைப் பரப்பால் வகுத்தால் அந்த இடத்தில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் வருகிறது! ஒவ்வொரு முறை பாடும்போதும் தட்டு சிறிது தேய்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். ஆகவே அரிய தட்டை ஒருமுறை நன்றாகப் பாடவிட்டுக் கணினியில் பதிந்துகொள்வதே அறிவுடைமை.

ஒளியே ஊசி

ஊசியே படாமல் தட்டைப் படிக்க முடியுமா? முடியும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் என்ற இயற்பியலாளரும் அவருடைய குழுவினரும் இதற்கு வழி கண்டார்கள். அணுத்துகள் ஆராய்ச்சிக்குப் பயன்பட்ட நுண் அளவீட்டு முறைகளை அவர்கள் இசைத்தட்டுக்குப் பயன்படுத்தினார்கள். பள்ளத்தை நுட்பமாகப் படமெடுத்து, அதன் நெளிவைக் கணினியால் அளந்து, ஒலியாக மாற்றுகிறார்கள். உடைந்த தட்டும் இம்முறையில் பாடும். 1860-இல் பிரான்சில் ஒருவர் புகை படிந்த காகிதத்தில் ஒலியலையைக் கோடாக வரைந்து வைத்திருந்தார். அதைத் திரும்பக் கேட்கும் வழி அவருக்குத் தெரியாது. 2008-இல் அந்தக் கோட்டிலிருந்து ஒலியை மீட்டார்கள். 148 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பாட்டு கேட்டது!

இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் என் தட்டை எடுத்து உருப்பெருக்கியால் பார்த்தேன். ஒளியால் படிப்பதற்கும் நெளிவு இருக்க வேண்டும். நான் கரைத்த பகுதியில் பள்ளங்கள் குழம்பு போல் ஒன்றிக் கிடந்தன. அங்கே படிக்க எதுவும் இல்லை.

ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு தட்டிலும் பாட்டு முடிந்தபின் சீட்டுக்கு முன்னால் வெற்றிடம் இருக்கும். அங்கே மூல அச்சின் எண்ணைப் பொறித்திருப்பார்கள். என் பஞ்சு அவ்விடத்துக்குப் போகவில்லை. எண் தெளிவாக இருந்தது. ஒரே மூல அச்சிலிருந்து பல பிரதிகள் அழுத்தப்படுகின்றன அல்லவா? அப்படியானால் அதே எண்ணைத் தாங்கிய வேறொரு தட்டு எங்கோ ஒரு பெட்டியில் இருக்கக்கூடும். பழைய தட்டு எங்கே கிடைத்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

"எல்லாப் பாட்டும் செல்போனிலேயே கிடைக்குதே" என்று கேட்ட மாணவனுக்கு இதைத்தான் சொன்னேன். யாரோ ஒருவர் தட்டைக் காத்து, துடைத்து, பதிந்து வைத்த பாட்டுத்தான் செல்போனுக்கு வருகிறது. எவரும் காக்காத பாட்டு அங்கே இல்லை. அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சார், எங்க தாத்தா வீட்டுலயும் ஒரு பெட்டி இருக்கு. பூட்டியே கிடக்குது" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் அதைத் திறந்தோம். 31 தட்டுகள் இருந்தன. நான் தேடும் எண் அவற்றில் இல்லை. ஆனால் 31-இல் 26 தட்டுகள் நன்றாகப் பாடுகின்றன. அவற்றின் படப் பெயர், பாடியவர், மூல எண் எல்லாவற்றையும் அவன் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். ஸ்பிரிட் பக்கம் போகவில்லை.

நீங்களும் செய்து பாருங்கள்

உடைந்துபோன அல்லது பயனற்ற தட்டு ஒன்று கிடைத்தால் இந்தச் சோதனையைச் செய்யலாம். தடித்த காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டுங்கள். கூர் முனையில் ஒரு குண்டூசியைக் குத்தி வையுங்கள். தட்டின் நடுத்துளையில் பென்சிலைச் செருகிச் சீராகச் சுழற்றியபடி, ஊசியைக் கோட்டில் மெல்ல வையுங்கள். மின்சாரம் எதுவுமின்றிக் கூம்பிலிருந்து பாட்டு வரும். கூம்பு நீளமானால் ஒலி எப்படி மாறுகிறது? வேகம் கூடினால் சுருதி என்ன ஆகிறது? குறித்துக்கொள்ளுங்கள். நல்ல தட்டில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள்!